பீலா பாய்க்கு வாய்ப்பூட்டு

தொண்ணூறுகளில் பேசிய தமிழை இன்றைக்கும் துளிகூடக் கலப்படம் இல்லாமல் பேசும் ஆள் இந்தத் தஞ்சைச் சீமையிலேயே ஒருவர்தான். அவர் பீலா பாய். அந்த ஆளால் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

மயிலாடுதுறையில் கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை. போரடிக்கிற பேச்சு 'அறுவை', முகஸ்துதி 'ஐஸ்', பெண்களைப் பார்த்து வழிவது 'ஜொள்ளு', கூசாமல் புளுகுவது 'பீலா' என்று அப்போது எல்லோரும்தான் பேசினோம். ஆனால் எதற்கும் இடம் என்று ஒன்று உண்டல்லவா? பாய்க்குக் கிடையாது. "இன்னிக்கு சாம்பார்ல பருப்பு போட்டிருக்குப்பா" என்றார் வார்டன். "பீலா விடாதீங்க சார்!" என்றார் பாய். அன்றோடு பெயர் நிலைத்தது. பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு எனக்கும் சேர்த்துத் திட்டு.

படிப்பு முடிந்ததும் சவூதிக்குப் போய்விட்டார். குடோன் வேலை. சுற்றிலும் மலையாளிகளும் வங்காளிகளும். கொண்டுபோன தமிழையே வைத்துக் காலம் தள்ளினார். லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, மறுபடி பறந்து, ஒரேயடியாகத் தரங்கம்பாடிக்குத் திரும்பியபோது மகன் மீசை வைத்த ஆளாகியிருந்தான்.

வந்தவர் சும்மா இருந்தாரா? பேங்கில் பெண் அதிகாரியிடம் "டபாய்க்காதீங்க மேடம்" என்றார். என் அலுவலகத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், "ஏன்டா, ஆபீசர்னு பிலிம் காட்டுறியா?" என்றார். டீக்கடையில் விடலைகள் 'பூமர் அங்கிள்' என்று சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! இவர்கள் சொல்லும் 'க்ரிஞ்ச்', 'வைப்' எல்லாம் மட்டும் செந்தமிழோ?

"உன்னை யாருடா இப்படிப் பேசச் சொல்றது?" என்று பாயிடமே கேட்டுவிட்டேன்.

"எளவட்டம் மாதிரி பேசுனா பையன் ஃப்ரெண்டாப் பழகுவான்னு பாத்தேன்டா. அவன் மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறான்."

மகனுக்கோ அத்தாவால் வெட்கம். ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் பேச்சே இல்லை. பாய்க்கு அது பெரிய வேதனை.

அந்த மகனுக்குக் குடவாசலில் பெண் பார்க்கப் போனோம். காரில் ஏறும்போதே உத்தரவு போட்டான்: "அத்தா, அங்க நீங்க வாயே தெறக்கக் கூடாது." பெற்ற தகப்பனுக்கு வாய்ப்பூட்டுப் போட இவன் யார்? கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. பாயோ சரியென்று தலையாட்டிவிட்டார்.

பாயின் மனைவி உள்ளே பெண்களோடு போய்விட, கூடத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். பெண்ணின் தகப்பனார் தங்கமான மனிதர். "வழியில கஷ்டம் ஒண்ணும் இல்லையே?" என்றார். தலையாட்டல். "டீ சாப்பிடுறீங்களா?" தலையாட்டல். "எங்க குடும்பம் உங்களுக்குப் புடிச்சிருக்கா?" பாய் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். அந்த மனிதரின் முகம் வாடிவிட்டது.

"இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய் பாய், வாயத் தெறந்து பேசுடா!" என்று கத்திவிட்டேன்.

"இஷ்டமில்லாம என்னங்க! சூப்பர் ஃபேமிலிங்க நீங்க! இவன்தான் பேசாதேன்னு ஓவரா சீன் போட்டுட்டான். அதுக்காக நீங்க ஜகா வாங்கிடாதீங்க. நம்ம பக்கம் மேட்டர் ஓகே!"

மகன் முகத்தை மூடிக்கொண்டான். அப்போது உள்ளேயிருந்து பெரிதாக ஒரு சிரிப்பு. முக்காட்டைச் சரிசெய்தபடி பெண்ணின் தாயார் வந்தார்.

"நாங்க எதுக்குண்ணே ஜகா வாங்கப்போறோம்? காலேஜ்ல படிக்கிறப்ப கேட்ட பேச்சு. கேட்டு எத்தன வருஷமாச்சு!"

அவர் கணவரும் சிரித்துவிட்டார். கல்யாணம் முடிவாயிற்று.

காரில் ஊருக்குத் திரும்பினோம். பேரளம் தாண்டியதும் மகன் மெல்லக் கேட்டான்: "அத்தா, ஜகா வாங்குறதுன்னா என்ன?"

"கடைசி நேரத்துல நைசா நழுவுறதுடா" என்று ஆரம்பித்த பாய், ஊர் வரும்வரை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மகன் சிரிப்பதும் அடுத்ததைக் கேட்பதுமாக வந்தான். எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். ஆனாலும் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.