சத்தமில்லாத வண்டி

"அவர் இன்னும் வரலை அண்ணே. வந்ததும் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, கட்டிய மனைவி கதவைச் சாத்தினாள்.

வாசலில் நின்ற மீட்டர்காரர் தன் புது மோட்டார் சைக்கிளை முறைத்துப் பார்த்தார். எல்லாம் இதனால் வந்த வினை.

வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவிக்கு மறதி நோய். பெற்ற மகன் முகமே மறந்துபோயிற்று. புருஷனின் பழைய வண்டிச் சத்தம் மட்டும் மறக்கவில்லை. அது தெருமுனை திரும்பும்போதே ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் வாசலில் காத்து நின்றதில்லை. அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

போன மாதம் பழைய வண்டியின் இன்ஜின் இறுகிப்போனது. அதைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு இதை வாங்கினார். பொத்தானைத் தொட்டால் கிளம்புகிறது. ஓடுகிறதா, நிற்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

மனைவிக்குத் துணையாக வைத்திருந்த பெண் அவரைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டாள்.

"உக்காருங்க அண்ணே. அவர் வர்ற நேரம்தான்," என்று மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

'யாருடி உனக்கு அண்ணன்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, விருந்தாளியாக அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தார். அவள் சிறுவயதில் கிணற்றில் விழப்போன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவர் அதுவரை கேட்டிராத கதை. அவருக்கு அழுகையாக வந்தது. பழைய வண்டிச் சத்தமும் அவளுக்கு மறந்துபோவதற்குள், ஒரே ஒரு தடவை அவள் தன்னை "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனார்.

"இதுல அந்தப் பழைய சத்தம் வரணும்."

"வண்டி சத்தம் போடலைன்னு புகார் சொல்ற முதல் ஆள் நீங்கதான் சார்."

"இதெல்லாம் ஒரு வண்டியா? முழுக்க பிளாஸ்டிக். லேசா இடிச்சா மூஞ்சியே கழண்டு விழுது. என் வண்டி இடிச்சா சுவர்தான் விழும்."

"அது உழைச்ச வண்டிதான் சார், இல்லேங்கலை. கூடவே நீங்களும்ல உழைச்சீங்க. பாதி நாள் தள்ளிக்கிட்டுத்தானே வருவீங்க. இது பிரேக் பிடிச்ச இடத்துல நிக்கும்."

"வியாக்கியானம் வேணாம். வேலையைப் பாரு."

மெக்கானிக் சைலன்சரைக் குடைந்து கொடுத்தான். சாயங்காலம் அது போட்ட இரைச்சலில் தெருவே வெளியே வந்து திட்டியது. மனைவி மட்டும், "தண்ணி லாரி வந்துருச்சு, குடத்தை எடு," என்று துணைப்பெண்ணை விரட்டினாள்.

அடுத்து, அதே ரகப் பழைய வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்துவந்து ஜன்னலோரம் ஒலிக்கவிட்டார். மனைவி பதறி வெளியே வந்தாள்.

"சத்தம் கேக்குது, ஆளைக் காணோமே. எங்கே விழுந்து கிடக்கிறாரோ," என்று அவரையே தாண்டிக்கொண்டு தெருவில் ஓடினாள். கல் தடுக்கி முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். தூக்கிவிட்டவரிடம், "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே," என்றாள். அவர் அன்று சாப்பிடவில்லை.

வேறு வழியில்லாமல் இரும்புக் கடைக்கு ஓடினார். உடைக்கச் சோம்பல்பட்டு கடைக்காரர்கள் அவருடைய பழைய வண்டியை ஓரமாகப் போட்டு வைத்திருந்தார்கள். மெக்கானிக் இன்ஜினைக் கடைந்து, வேறெந்த வண்டியின் பிஸ்டனையோ மாட்டினான்.

"ஓடும் சார். எத்தனை நாள்னு மட்டும் கேக்காதீங்க."

"இன்னிக்கு ஓடினாப் போதும்ப்பா."

உதைத்து உதைத்துக் கால் வீங்கிய பிறகு வண்டி கிளம்பியது. அதே சத்தம். மீட்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். தெருமுனை திரும்பியபோது கேட் விரியத் திறந்து கிடந்தது. சந்தோஷத்தில் வண்டியை இன்னும் முறுக்கினார்.

வாசலில் மனைவியைக் காணவில்லை. துணைப்பெண்தான் ஓடிவந்தாள்.

"ஐயா, முதல்ல வண்டியை அணைங்க. அம்மா கேட்டைத் திறந்துவிட்டுட்டு ஓடிப்போய்க் கட்டில் மூலையில ஒடுங்கிக்கிட்டாங்க. 'அவர் வந்துட்டார், அந்தச் சாந்தமான அண்ணன் வந்தா உள்ளே விட்டுடாதே, பாவம், இவர் கையில மாட்டிக்கப்போறார்'னு நடுங்குறாங்க."