சரஸ்வதியார் சான்றிதழ் ஏற்றிய படலம்

வாழ்க, வாழ்க! ஃபேரர் பார்க் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளம் ஆளும் ஒப்பிலாத் தோசைத்திலகம், கரண்டியேந்திய கற்பகக்கொடி, பதினோராண்டு பிறர் சமையற்கட்டில் மாவரைத்தும் மனம் அரைபடாத மாதரசி சரஸ்வதியார் வாழ்க! தீபாவளிச் சந்தையில் எஞ்சிக் கிடந்ததோ ஒரே ஒரு கடை. அதன் நெற்றியில் தம் பெயர்ப்பலகை தொங்கக் கண்டாலன்றி இப்பிறவி பிறவியே அன்று எனச் சூளுரைத்திருந்தார் அவர். உணவுச் சுகாதாரச் சான்றிதழைப் படமெடுத்து, குடியிருப்பாளர் சங்கத்தின் இணையதளத்தில் மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. இவ்வளவுதானாம்!

அவ்விணையதளமோ சங்கத் தொண்டர் ஒருவர் ஓய்வுநேரத்தில் எழுப்பிய சின்னஞ்சிறு கோட்டை. நாலரை மணியளவில் சரஸ்வதியார் தம் செங்காந்தள் விரலால் தொடுத்த முதற்கணையை, ‘கோப்பு இரண்டு மெகாபைட்டைத் தாண்டக்கூடாது’ என்ற குருதிநிற எழுத்தால் அது முறித்து எறிந்தது. படத்தின் எடை ஏழு. அப்போது சோபாவாகிய தேர்த்தட்டில் சாய்ந்திருந்த கணவர் கோவிந்தசாமியார் திசையெட்டும் அதிர முழங்கினார்:

“எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு! அதுல போனா எல்லாம் சின்னதாயிடும் லா!”

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அறிவாளிதான். கைப்பேசி விட்டுக் கைப்பேசி தாவி, பட்டினி கிடந்த முனிவரென மெலிந்து, படம் அவர் மடிக்கணினியில் இறங்கியது. அதற்குள் தளம் இருவரையும் வெளியே தள்ளிக் கதவடைத்துவிட்டது. பெயர், குடியிருப்பின் புளோக் எண், தொலைபேசி எண் அனைத்தையும் பல்லைக் கடித்தபடி மீண்டும் நிரப்பி, கோவிந்தசாமியார் கோப்பைத் தேர்ந்து விடுத்தார். பச்சைப்பட்டை ஊர்ந்தது, ஊர்ந்தது, தொண்ணூற்றொன்பது விழுக்காட்டில் உட்கார்ந்தேவிட்டது.

“அப்பவே சொன்னேன்ல, வைஃபை பெட்டிகிட்ட போய் நில்லுங்கன்னு!” என்று இடியேறென இடித்தார் தேவியார். கணினியைத் தலைக்குமேல் தூக்கி, குன்றெடுத்த கோமான்போல் கணவர் கூடத்து மூலையில் நின்ற கோலத்தை என்னென்பேன்! நாலு நாற்பத்தெட்டுக்கு ‘ஏற்றப்பட்டது’ என்றது திரை. தம்பதியர் ஆனந்தக்கண்ணீர் உகுத்தனர்.

உடனே தொலைபேசி ஒலித்தது. சங்கச் செயலாளர் நஸீஹா.

“அக்கா, நீங்க அனுப்பினத டவுன்லோட் பண்ணித் தொறந்தேன். ரோஜாப்பூவும் காப்பிக் கப்பும் வருது. ‘இனிய காலை வணக்கம்’னு போட்டிருக்கு!”

அந்தோ! நண்பர் குழாம் நாள்தோறும் பொழியும் காலை வணக்கப் படங்கள் நாலாயிரம் கோவிந்தசாமியாரின் கணினியில் குவிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் எண்கள். ஓரெண் பிசகிப் பக்கத்துப் படத்தை ஏவியிருந்தார் அப்பெருமகனார். மனைவியின் விழிக்கனல் தாங்காது குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார். ஒருமுறை அனுப்பியவர் மறுமுறை அனுப்பத் தளம் இடங்கொடாது. பதினோராண்டுத் தவம் ஒரு ரோஜாப்பூவால் கருகியதே என்று, களத்தில் கொடியிழந்த வேந்தரினும் மிகையாக, சரஸ்வதியார் தொலைபேசியிலேயே வாய்விட்டு அழுதார்.

“ஐயோ, ஏன்கா அழறீங்க? கீழ ஆபீஸ்லதான் இருக்கேன். அந்தப் பேப்பர கையில எடுத்துட்டு வாங்க லா.”

சரஸ்வதி லிஃப்டில் இறங்கிப் போய், சான்றிதழைக் காட்டி, கடையை வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.