முகமூடிக்காரனின் முகம்

வருகிற சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, உலகமே தலைகீழாகப் புரண்டாலும், தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருப்பது என்று லதீசன் முடிவெடுத்துவிட்டான். வெம்பிளியில் வயரிங் வேலை செய்கிறவன் அவன். சனிக்கிழமை என்றால் இரண்டு வீட்டுக்காரராவது லைற் எரியவில்லை என்று கூப்பிடுவார்கள். எல்லாரிடமும் தனக்குக் காய்ச்சல் என்று புதன்கிழமையே சொல்லிவைத்தான். இன்னும் வராத காய்ச்சலுக்கு நாள் குறித்த மனிதன் லண்டனில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

காரணம் பத்து வருஷத்துக் காரணம். ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலம் அது. ஓர் அறைக்கு ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரு தொலைக்காட்சி. அதில் ஒரு கவுபோய்த் தொடர், கறுப்பு வெள்ளையில். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிய ஒருத்தன் சாம்பல் குதிரையில் வருவான், அநியாயம் செய்தவனை அடிப்பான், நன்றி சொல்ல ஆட்கள் திரும்பும்போது தூசிதான் மிஞ்சியிருக்கும். லதீசன் ஜேர்மன் மொழி படித்ததே அந்த முகமூடிக்காரனிடம்தான். அதனால் அலுவலகத்தில் போய் ஒரு படிவம் தாருங்கள் என்று கேட்க அவனுக்குத் தெரியாது. குதிரையை விட்டு இறங்கு, கையைத் தூக்கு என்று சுத்தமாகச் சொல்லுவான்.

தொடரின் கடைசிப் பாகத்தில் அவன் முகமூடியைக் கழற்றுவான் என்று முகாம் முழுக்கப் பேச்சு. அந்த நாள் வந்தது. அந்த நேரம் பார்த்து லதீசனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எந்த வழியால் வந்தாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று இரண்டு மணித்தியாலம். திரும்பி ஓடிவந்தபோது படம் முடிந்துவிட்டது. முகம் எப்படி என்று ஐந்து பேரையும் கேட்டான். ஒருத்தன் நடிகன் மாதிரி என்றான். ஒருத்தன் எங்கள் ஊர்த் தபால்காரர் மாதிரி என்றான். மூன்றாவது ஆள் அந்த நேரம் சோறு வடித்துக்கொண்டிருந்தானாம். மற்ற இரண்டு பேரும் முகம் எப்படி என்று ஒருத்தரோடொருத்தர் சண்டை.

லண்டனுக்கு வந்து, கலியாணம் கட்டி, மகள் லக்‌ஷிகாவுக்கு ஒன்றரை வயதாகிறபோது ஒரு சனலில் அதே தொடர் திரும்பவும் தொடங்கியது. இப்போது இங்கிலீசில். முகமூடிக்காரனுக்கு யாரோ தொண்டையை மாற்றிப் பூட்டிவிட்டது போல லதீசனுக்கு முதல் வாரம் சாப்பாடே இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு பாகத்தையும் வீடியோக் கசெற்றில் பிடித்து வைத்தான். நாற்பத்திரண்டு கசெற்றுகள். வருகிற சனி, கடைசிப் பாகம்.

மனைவி நகுலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். குரலை உயர்த்தமாட்டாள். சத்தம் போடுகிற பெண்ணாக இருந்தால் லதீசனும் இரண்டு சத்தம் போட்டுச் சமாளிப்பான். இவளோ கைலேஞ்சித் துணியை மடிக்கிற மாதிரிப் பேசுகிறவள். நான்காக மடித்து முடிக்கும்போது அவன் உள்ளே இருப்பான்.

“உந்த முகமூடிக்காரனை நிப்பாட்டுங்கோ. பிள்ளை பாக்குது.”

“அவன் நல்லவன், நகுலா.”

“எங்கட ஊரில முகத்தை மூடிக்கொண்டு வந்தவை ஒருத்தரும் நல்லது செய்ய வரேல்லை. சாக்கால மூடிக்கொண்டு ஆமிக்குப் பக்கத்தில நிண்டு தலையை ஆட்டினவை. ஆரைப் பாத்து ஆட்டினவையோ, பேந்து அந்த ஆளைக் காணேல்லை.”

லதீசன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான். “இவன் கடைசியில கழட்டுவான்” என்றான்.

“கழட்டினாப் பேந்து பாப்பம்.”

அந்தப் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் மெல்லச் சொன்னாள். “சனிக்கிழமை டூட்டிங் போகவேணும். சபாரத்தினம் அண்ணையின்ர பேத்திக்குப் பிறந்தநாள்.”

“எனக்குக் காய்ச்சல்.”

“இண்டைக்குப் புதன்.”

“சனிக்கிழமை வரும்போல கிடக்கு.”

“அப்ப வெள்ளிக்கிழமையே ரெண்டு பனடோல் போடுங்கோ. லக்‌ஷிகான்ர பிறந்தநாளுக்கு அவையள் மழைக்குள்ள மூண்டு பஸ் மாறி வந்தவை. நாங்கள் போகாட்டி என்ன நினைப்பினம்?”

“நகுலா, கடைசிப் பாகம்…”

“அதுதானே ரெக்கோட் பண்ணுற மிசின் வைச்சிருக்கிறியள். பிடிச்சுப்போட்டு வந்து பாருங்கோவன்.”

நான்காக மடித்தாகிவிட்டது.

சனிக்கிழமை வீட்டில் பெரிய அமளி. பால் போத்தல், மாற்று உடுப்பு, பரிசுப் பொதி, தள்ளுவண்டி. எல்லாம் ஏற்றிய பிறகுதான் லதீசனுக்குப் புதுக் கசெற் வாங்க மறந்தது நினைவு வந்தது. மிசினுக்குள் ஏதோ ஒன்று கிடந்தது. பொத்தானை அமத்தினான். அரைவாசி வெளியே வந்தது. மூலையில் இருக்கவேண்டிய பிளாஸ்ரிக் துண்டு முறிந்திருந்தது. அது இல்லாத கசெற்றில் மிசின் எதையும் பதியாது. ஆனால் அந்த ஓட்டையில் ஒரு செலோரேப் துண்டை ஒட்டிவிட்டால் மிசின் ஏமாந்துவிடும். கடையில் வாங்கிய பழைய நாடகக் கசெற்றுகள் எல்லாவற்றிலும் அவன் அப்படித்தான் செய்கிறவன். கைப்பழக்கம். ஒட்டினான், உள்ளே தள்ளினான், நேரத்தை வைத்தான், ஓடினான்.

பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தார்கள். நகுலேஸ்வரி பிள்ளையைக் குளிக்கவார்க்கப் போனாள். லதீசன் கசெற்றுக்குப் பெயர் எழுதப் பேனையோடு வந்து அதை வெளியே எடுத்தான்.

பெயர் ஏற்கனவே எழுதியிருந்தது. மிசினுக்குள் மறைந்திருந்த பாதியில், தங்க எழுத்தில். ‘லதீசன் – நகுலேஸ்வரி. திருமண வைபவம்.’

பேனை கீழே விழுந்தது.

பதிவு தொடங்கிய இடத்துக்கும் பின்னுக்கு ஓட்டிப் போட்டுப் பார்த்தான். மணவறை. தவில். தலைப்பாகையோடு அவனே எழும்புகிறான். தாலியோடு குனிகிறான். கெட்டிமேளம். ஒரு முடிச்சுப் போடுகிறான். இரண்டாவது முடிச்சுக்கு விரலை வளைக்கிறான். டுமீல்! தூசி. குதிரை. முகமூடிக்காரன்.

ஆக, சாட்சிப்படி பார்த்தால் லதீசன் ஒரு முடிச்சுக் கணவன். மிச்சம் இரண்டையும் சாம்பல் குதிரை மிதித்துப்போட்டது.

நகுலேஸ்வரி இந்தக் கசெற்றை மிசினில் போட்டதற்குக் காரணம் இருந்தது. தாயில்லாத அவளை வளர்த்தது ரமா சின்னம்மா. ரொறன்ரோவில் இருந்த சின்னம்மாவுக்குக் கலியாணத்துக்கு வர விசா கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைதான் முதல்முறையாக வருகிறா. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அந்த மனிசி கேட்பது ஒன்றே ஒன்றுதான். “என்ர பிள்ளைக்குத் தாலி ஏறுறதை நான் கண்ணால பாக்கவேணும். அதை எடுத்து வையுங்கோ.” படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை போட்டிருக்கிறாள். பிள்ளை எழும்பி அழுததும் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

குளியலறைக் கதவு திறந்தது. லதீசன் கசெற்றை உருவி ஜக்கெற்றுக்குள் செருகினான். முகமூடிக்காரனின் முகம் அவனுடைய நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கத்தான் வழியில்லை.

அன்று அவன் ஆழமாக யோசித்தான். முகமூடிக்காரன் இந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? யாருக்கும் சொல்லாமல் போவான். எல்லாவற்றையும் சரிப்படுத்துவான். ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பி வருவான். லதீசனிடம் சாம்பல் குதிரை இல்லை. வெள்ளை வேன் இருந்தது.

திங்கட்கிழமை காலையே லண்டனின் மறுபக்கத்தில் இருக்கிற ஃபாரஸ்ட் கேட்டுக்கு வேனை விட்டான். கலியாணத்துக்குப் படம் பிடித்த செபமாலைமுத்துவின் ஸ்ரூடியோ அங்கேதான், ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில். மூலப் பிரதி அவரிடம் இருக்கும்.

“அண்ணை, கலியாணக் கசெற்றில ஒரு கொப்பி வேணும்.”

“தந்தது எங்க?”

“தேய்ஞ்சு போச்சு.”

“தேயுற அளவுக்குப் பாத்தனீங்களோ! நல்ல பாசமான சோடி. பழசைத் தாரும், எந்த இடம் எண்டு பாப்பம்.”

லதீசன் கசெற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “அண்ணை, இதுக்குள்ள வேற ஒரு படம் கிடக்கு. அதை அழிச்சுப்போடாதேங்கோ.”

செபமாலைமுத்து கதவைச் சாத்தினார். “என்ன படம்?”

“சீச்சீ! குதிரைப் படம், அண்ணை.”

செபமாலைமுத்து அவனை முன்னையைவிட மோசமாகப் பார்த்தார். லதீசன் தொடரை முதலாம் பாகத்திலிருந்து விளங்கப்படுத்த வேண்டியதாகப் போய்விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். இடையிடையே இருமினார். கடைசியில், “அந்த முகத்துக்காகவோ இவ்வளவும்?” என்றார்.

“பத்து வருஷம், அண்ணை.”

“சரி. வியாழக்கிழமை வாரும். ரெண்டையும் தாறன். அதுவரை சும்மா நிக்காமல் என்ர இந்த லைற்றுகளை ஒருக்காப் பாரும். மாப்பிள்ளை சிரிக்கிற நேரம் பாத்து நூந்து இருட்டாப் போகுது.”

லதீசன் ஸ்ரூடியோ முழுவதற்கும் புது வயர் இழுத்தான். இறங்கும்போது குரலைத் தணித்து, “நகுலாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றான்.

“மாதாவாணை ஒரு சொல்லும் சொல்லமாட்டன்.”

வியாழக்கிழமை இரண்டு கசெற்றும் கிடைத்தன. புதுப் பிரதியைத் தங்க எழுத்துப் பெட்டிக்குள் வைத்தான். பழையதை வேனில் ஆசனத்துக்கு அடியில் ஒளித்தான். நகுலேஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் அவள் சொன்ன வேலை எல்லாவற்றையும் அவன் செய்தான். சொல்லாததையும் செய்தான். யன்னல் துடைத்தான், சின்னம்மாவுக்கு அறை ஒதுக்கினான், ஒரு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த தொட்டில் காலை இறுக்கினான். தொட்டிலை அவள் நாலுதரம் உலுக்கிப் பார்த்தாள். ஆடவில்லை. “இனித்தான் எனக்குப் பயமில்லாமல் நித்திரை வரும்” என்றாள்.

சனிக்கிழமை சின்னம்மா வந்தா. சாப்பிட்டு, கை கழுவி, நேரே தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்தா. லதீசன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கெட்டிமேளம் தொடங்கியது. ஒரு முடிச்சு. அவன் கண்ணை மூடினான். வெடிச்சத்தம் கேட்கவில்லை. இரண்டு. மூன்று. சின்னம்மா எழும்பிப் போய், கண்ணாடித் திரையில் நகுலேஸ்வரியின் தலையைத் தன் கையால் தடவிக்கொண்டு நின்றா. தவில் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

“நல்லகாலம், ஒண்டும் பழுதாகேல்லை” என்றாள் நகுலேஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லதீசன் பணிவாகத் தலை குனிந்தான். யாருக்கும் தெரியாமல் நன்மை செய்கிறவனுக்கு நெஞ்சுக்குள் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஞாயிறு பின்னேரம் பெண்கள் பிள்ளையையும் கொண்டு கோயிலுக்குப் போனார்கள். வீடு அவனுக்கே. தேத்தண்ணி ஊற்றினான். ஒரு தட்டில் முறுக்கு எடுத்தான். யன்னல் சீலையை இழுத்து மூடினான். வேனிலிருந்து கசெற்றைக் கொண்டுவந்து போட்டான்.

கடைசிச் சண்டை. கெட்டவன் விழுந்தான். ஊர்ச்சனம் சுற்றி நின்றது. ஒரு கிழவர் முன்னால் வந்து, “உன் முகத்தையாவது காட்டு, மகனே” என்று கேட்டார். முகமூடிக்காரன் சிரித்தான். தொப்பியைக் கழற்றிச் சேணத்தில் கொழுவினான். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தான். லதீசன் முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்தபடி இருந்தான். கறுப்புத் துணி மெல்ல, மெல்லக் கீழே இறங்கியது…

திரை முழுக்க ஒரு சிவப்பு ரோசாப்பூ.

நல்ல கலரில். நாதஸ்வரத்தோடு. இதழ் ஒவ்வொன்றாக விரிந்தது. நடுவில், வட்டமாக, தலைப்பாகை காதுக்குச் சரிந்து, மூக்கு நுனியில் வேர்வைத் துளியோடு, வெருண்டுபோய் முழிக்கிற ஒரு முகம். அது சுற்றியது. சின்னதானது. பெரிதானது. கீழே ‘மணமகன்’ என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து குதித்தன.

வேகமாக ஓட்டினான். லதீசன். இன்னும் ஓட்டினான். பக்கவாட்டில் லதீசன். கசெற் முடியும்வரை அந்த முகம்தான்.

வாசல் கதவு திறந்தது. சின்னம்மா நேரே குசினிக்குப் போனா. நகுலேஸ்வரி பிள்ளையோடு உள்ளே வந்து, திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“பாத்திட்டியளோ? முகம் பாக்கவேணுமெண்டுதானே பத்து வருஷம் நிண்டனீங்கள்.”

“செபமாலைமுத்தர் மாதாவாணை சத்தியம் பண்ணினவர், சொல்லமாட்டன் எண்டு!”

“அவர் பாவம், எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் அவருக்குச் சொன்னனான்.”

“எப்ப?”

“போன ஞாயிறு. கலியாணப் பெட்டி வெறுமையாக் கிடந்தது. நீங்கள் வெளியில வேன் கழுவேக்க உங்கட ஜக்கெற்றுக்குள்ள பாத்தன். உடன அவருக்குப் போன் எடுத்து, நாளைக்கு இவர் உங்களிட்டத்தான் ஓடி வருவார், வந்தா இப்பிடிச் செய்துவிடுங்கோ எண்டனான். லைற்றும் எரியேல்லையாம் எண்டார். அதையும் இவரைக்கொண்டு செய்வியுங்கோ எண்டனான்.”

லதீசன் முறுக்கைத் தட்டில் வைத்தான். திடீரென்று அவனுக்கு ஒன்று உறைத்தது. எழும்பி நின்றான்.

“அப்ப நீ அந்தக் கசெற்றைப் போட்டுப் பாத்தனீயோ?”

“ஓம். முதல்ல பயந்துகொண்டுதான் பாத்தன்.”

“கடைசி மட்டும்?”

“ஓம்.”

“கழட்டினவனோ?”

“கழட்டினவன்.”

“நகுலா… முகம் எப்பிடி?”

அவள் பிள்ளையின் சப்பாத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பொய் சொல்லிப் பழகாதவள். திரையில் சுற்றிக்கொண்டிருந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்து, நன்றாக யோசித்துத்தான் சொன்னாள்.

“உங்கட மாதிரி இல்லை. நல்ல வடிவு.”