அடுத்த வருடத்துக்காக வைத்திருந்த அன்ரன்

அமெரிக்கக் கல்லூரி புட்போலின் தேசியக் கிண்ணத்தை நான் மூன்று முறை வென்றவன். இதை எங்கள் வீட்டில் சொன்னால், தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவருக்குக் கட்டாயம் புரையேறும். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் சொல்வதில்லை.

வென்றதெல்லாம் கணினியில். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்கு முகவர் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கந்தோரில் நான் அப்போது கிளார்க். கப்பல் வந்தால் தலைகால் தெரியாத வேலை. வராவிட்டால் குடாவைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விடலாம். கோதுமைக் கப்பலில் வந்த ஒரு அதிகாரி என் கொட்டாவியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் பென் டிரைவில் இருந்த ஒரு விளையாட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதில் நான் ஒரு கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர். பந்தைத் தொடவே தேவையில்லை. ஆட்களைச் சேர்க்க வேண்டும், வளர்க்க வேண்டும், களத்தில் இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்தது யாரும் கேள்விப்படாத ஒரு மலைநாட்டுக் கல்லூரி. முதல் வருடம் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. நல்ல வீரர்களை வரச்சொல்லிக் கேட்டால் பதிலே வராது. (கணினிக்குள் இருக்கும் பெடியன்கூட என்னை மதிக்காத காலம்.) பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. யாரும் கவனிக்காத, எலும்பு பெருத்த பெடியன்களாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு விளையாட விடக்கூடாது! அந்த நாட்டு விதிப்படி, ஒருவனை ஒரு வருடம் களத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கில் உட்கார்த்தி வைத்திருந்தால் அவனுடைய விளையாடும் உரிமையில் ஒரு வருடமும் குறையாது. அவன் பாட்டுக்குச் சாப்பிட்டு, பாரம் தூக்கி, வளர்ந்துகொண்டிருப்பான். இந்த வருடம் எப்படியும் தோற்போம் என்றால் நல்ல ஆளை ஏன் வீணாக்க வேண்டும்? அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான் பொறுமையாக வைத்தேன். நாலாவது வருடம் என் பெடியன்கள் யானைக் கூட்டம் மாதிரி இறங்கி, தேசியக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கந்தோரில் கதிரைமேல் ஏறி நின்று கத்தினேன். கப்பல் ஏதோ தரைதட்டிவிட்டதென்று நினைத்து மனேஜர் ஓடி வந்தார்.

(அந்தப் பந்து முட்டை மாதிரி இருக்கும், அதை அநேகமாகக் கையால்தான் எறிவார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டாவது கிண்ணத்துக்குப் பிறகுதான் தெரியும். திரையில் பெயர்களும் எண்களும் மட்டும்தான் வரும்.)

அந்த நாட்களில்தான் எனக்கு ரெஜினாவைப் பெண் பேசப் போனோம். ரெஜினாவின் அப்பா மரியதாஸ் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய குரலும் அந்த உயரத்திலிருந்துதான் வரும். எங்கள் மாதாகோயில் பங்கின் விளையாட்டுக் கழகத்தின் தலைவரும் அவர்தான்.

“தம்பி வேலை முடிஞ்சா என்ன செய்வார்?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை குடிப்பானா என்று நாகரிகமாகக் கேட்கிற கேள்வி அது. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

“அவன் ஒரு இடமும் போகமாட்டான் அண்ணை. அறைக்குள்ள இருந்துகொண்டே அமெரிக்காவில ஒரு கொலிச் டீமை நடத்துறான். போன மாசமும் அவங்கதான் சம்பியனாம்.”

மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “கோச்சோ?”

குசினிக் கதவடியில் நின்ற ரெஜினா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை பார்க்கவில்லை.

“ஓம்” என்றேன். “கம்ப்யூட்டரில” என்றும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் கொஞ்சம் மெதுவாக. மாமா அதை இங்கிருந்தே அங்குள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய கழகத்தின் பயிற்சியாளர் கனடாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டிருந்தார். கோயில் திருநாளோ நெருங்கிவிட்டது. திருநாள் முடிந்ததும் எங்கள் கழகத்துக்கும் பக்கத்துக் கிராமமான சல்லியின் மீனவர் அணிக்கும் வருடாவருடம் ஒரு உதைபந்தாட்டம் நடக்கும். கிண்ணம் பல வருடமாகச் சல்லியில்தான் இருந்தது.

“மாமா, அது வேற விளையாட்டு” என்று தொடங்கினேன்.

“ஆக்களை நடத்துறது எல்லா விளையாட்டுக்கும் ஒண்டுதான் தம்பி. நீங்கள் கிண்ணத்தைக் கொண்டு வாங்கோ. அடுத்த ஞாயிறே கோயில்ல கலியாண ஓலை வாசிக்கச் சொல்லுறன்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று தேசியக் கிண்ணம் வென்றவனுக்குச் சல்லி ஒரு பொருட்டா?

ரெஜினாவின் அண்ணன் அன்ரன்தான் எங்கள் முன்கள வீரன். பந்து அவனுடைய இடது காலைவிட்டுப் போக மனமில்லாமல் கிடக்கும். ஆட்டம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை அவன் வேலைக்காகக் கட்டாருக்குப் போகிறான், இதுதான் அவனுடைய கடைசி ஆட்டம் என்று பங்கு முழுக்கத் தெரியும். வீட்டில் பிரியாவிடைச் செபமாலைகூடச் சொல்லியாயிற்று. எனக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருக்கும் என்று நினைத்து யாரும் சொல்லவில்லை. ரெஜினா சொல்லியிருப்பாள், ஆனால் தொலைபேசியில் நான்தான் ஓயாமல் கதைப்பேன். அன்ரனிடம் அவனுடைய நிறை, உயரம், காலையில் என்ன சாப்பிடுவான் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்ட நான், “அடுத்த வருடம் இருப்பீங்களோ?” என்று மட்டும் கேட்கவில்லை.

பயிற்சி தொடங்கியது. முதல் நாளே எல்லோரையும் எங்கள் கந்தோர்ப் பண்டகசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தேன். கணினி விளையாட்டில் பாரமான ஆட்கள்தான் என் அணியின் சுவர். ஆகவே பேக்கரி சேவியரைப் பின்களத்துக்குத் தெரிவுசெய்தேன். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. “அவனுக்கு ஓட ஏலாது கோச்” என்றான் அன்ரன். “சுவர் ஓடுறேல்ல மச்சான்” என்றேன். பெடியன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். (எனக்கே புல்லரித்தது.)

பிறகு அணியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வருடம் வெல்ல முடியாது என்று என் அனுபவம் சொன்னது. இது கட்டியெழுப்பும் வருடம். ஆகவே அன்ரனையும் இன்னும் இரண்டு கெட்டிக்காரப் பெடியன்களையும் வாங்கில் இருத்தினேன். இது வெளியே சொல்லக்கூடாத இரகசியத் திட்டம் என்பதால் காரணம் சொல்லவில்லை. அன்ரன், இரண்டாம் பாதியில் இறக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தான். மாமா, விசா கிடைத்த பிள்ளை கால் முறிந்துவிடக்கூடாதென்று கவலைப்படுகிறேன் என்று நினைத்தார். “தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்கோ” என்று அம்மாவிடம் சொல்லியுமிருக்கிறார்.

ஆட்டத்தன்று சனம் மதிலிலும் ஏறி நின்றது. சல்லிக்காரர் லொறியிலும் சைக்கிளிலும் வந்திறங்கினார்கள். கடற்கரை மணலில் வலை இழுத்த கால்கள். புல்தரையைக் கண்டதும் அந்தக் கால்களுக்குத் திருநாள்தான். நான் எங்கள் வாங்கடியில் ஒரு வாளி நிறைய அவித்த முட்டை வைத்திருந்தேன். வளர வேண்டியவர்கள் வளர வேண்டாமா?

விசில் ஊதி நான் நிமிர்வதற்குள் முதல் கோல் விழுந்தது. பிறகு ஒரு மான் மைதானத்துக்குள் வந்தது. (எங்கள் ஊரில் மான்கள் ரோட்டில் மாடு மாதிரி நிற்கும்.) சேவியர் மானுக்கு ஒதுங்கி வழிவிட்டான். பின்னால் பந்தோடு வந்த சல்லிப் பெடியனுக்கும் அதே மரியாதையோடு வழிவிட்டான். இரண்டாவது கோல்.

நான் பதறவில்லை. என் விளையாட்டில் ஆட்களை எத்தனை தரமும் மாற்றலாம். அதே கையோடு, களைத்துத் தெரிந்தவனையெல்லாம் மாற்றினேன். மூன்றாவது ஆளை மாற்றியபோது நடுவர் என்னிடம் வந்து, “இனி மாத்த ஏலாது, தெரியும்தானே?” என்றார். “தெரியும்” என்றேன். தெரியாது. அன்ரன் வாங்கில் இருந்து மூன்றாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது கோலுக்குப் பிறகு அவன் எழுந்து என்னிடம் வந்தான்.

“கோச், இப்ப இறங்கட்டோ?”

சுற்றிவரச் சனம். மாமா பக்கத்தில். என் திட்டத்தை உலகுக்கு அறிவிக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன்.

“இல்லை மச்சான். இந்த வருசம் போகட்டும். உங்களை அடுத்த வருசத்துக்கு வைச்சிருக்கிறன்.”

அன்ரன் வாயில் இருந்த முட்டையை விழுங்காமல் என்னைப் பார்த்தான். “அடுத்த வருசம் நான் கட்டாரில நிப்பன் கோச். வாற வியாழன் பிளைட். உங்களுக்குத் தெரியாதோ?”

மதிலில் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் குனிந்து தன் பூட்ஸ் நாடாவைப் பார்த்தான். காலையிலேயே இறுக்கிக் கட்டியிருந்த நாடா. அதுவரை அவன் எனக்கு ஒரு நிறையும் உயரமுமாகத்தான் இருந்தான்.

ஓடிப்போய் நடுவரின் கையைப் பிடித்தேன். அவர், “மூண்டு பேரும் முடிஞ்சுது. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்” என்று கையை உதறிவிட்டார். நான் விடாமல் கோட்டோரமாக அவருக்குப் பின்னால் திரிந்தேன். இதற்கிடையில் இன்னும் இரண்டு கோல் விழுந்தது. கடைசியில் சல்லிக் கப்டன்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தான்.

“ரெபரி ஐயா, ஏழு அடிச்சிட்டம். இனி ஆர் இறங்கினா எங்களுக்கென்ன? அன்ரனோட விளையாடத்தான் நாங்களும் வந்தனாங்கள். அவர் சும்மா இருந்து போட்டுப் போனா எங்களுக்கு மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கும். விடுங்கோ.”

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டு நிமிசம் இருக்கு. ஆரை வெளிய எடுக்கிறீங்கள்?”

பதினொரு பேரும் கையைத் தூக்கினார்கள். முதலில் தூக்கியவன் எங்கள் கோல்கீப்பர். சேவியர் அனுமதிக்குக் காத்திராமல் நடந்தே வெளியே வந்துவிட்டான்.

அந்த எட்டு நிமிடம் நான் உட்காரவில்லை. அன்ரன் இரண்டு தரம் பந்தை இழந்தான். ஒரு தரம் முட்டையின் பாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி நேரத்தில் பந்து இடது காலுக்கு வந்தது. இரண்டு பேரை வெட்டி, சல்லிக் கோல்கீப்பரையும் ஒரு பக்கம் விழுத்தி, மறுபக்கத்தால் அடித்தான். ஏழுக்கு ஒன்று. சல்லிக்காரர் சைக்கிள் மணிகளை அடித்து ஆரவாரம் செய்தார்கள். நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

சனம் கலைந்த பிறகு மாமா வந்தார். கிரேன் குரல் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தம்பி, அன்ரன் போனாலும் கலியாணத்தைச் சுறுக்காச் செய்வம் எண்டுதான் நினைச்சனான். இப்ப யோசிச்சா, நல்ல ஆளை அவசரப்பட்டு இறக்கக்கூடாது. அன்ரன் முதல் லீவில வரட்டும். அது ரெண்டு வருசம். அதுவரைக்கும் உங்களை வைச்சிருக்கிறம்.”

வைத்திருந்தார்கள். இரண்டு வருடமும் வாங்கில்தான் இருந்தேன். அந்த லீவில் அன்ரன் வந்து, ரெஜினாவைக் கோயிலுக்குள் அழைத்து வந்த பிறகுதான் எனக்குக் கலியாணம் ஆனது.

இப்போது நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோரும் மாமா வீட்டில் கூடுவோம். நண்டுக் கறிச் சட்டி சுற்றி வரும். எனக்குக் கிட்ட வந்ததும் மாமா மூடியைப் போட்டுவிடுவார். “மருமகனை அடுத்த வருசத்துக்கு வைச்சிருக்கிறம்” என்பார். சட்டி என்னைத் தாண்டிப் போய்விடும். என் மகள்தான் எல்லோரிலும் பலமாகச் சிரிப்பாள்.

அன்ரன் லீவில் நிற்கிற வருடம் மட்டும் கதை வேறு. அவன் தன் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கும் பெரிய நண்டுக் காலை எடுத்து என் கோப்பையில் வைப்பான்.

“எட்டு நிமிசம் இருக்கு கோச்,” என்பான். “இறங்குங்கோ.”