உஷ் மாமாவும் காணாமல் போன சில்வண்டுகளும்

கொல்கத்தாவில் ஒரு மனிதன் மூச்சு விடுவதைக்கூடக் குற்றமாக்கத் தெரிந்த ஒரே ஆசாமி உஷ் மாமாதான். போலீஸ்காரர் விசிலடித்தும் நிற்காத மினி பஸ், அவர் உதட்டில் விரலை வைத்ததும் நின்றுவிட்டது என்று கரியாஹாட் பக்கம் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. டாக்குரியா ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்க வரும் வங்காளிகள் அவரை 'சுப் தா' என்பார்கள். பேசாதே என்கிற அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். பாங்க்கில் அதிகாரியாக இருந்தும் லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் விடியற்காலையில் நட என்று டாக்டர் சொன்னபோது, சர்க்கரையை விட விடியற்காலைதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நாள் போன நேரம் டிசம்பர் மாதம், காலை ஐந்தே கால். பனி மூட்டத்தில் ஏரியே தெரியவில்லை. ஒரு வளைவில் திரும்பினால், பத்துப் பதினைந்து கிழவர்கள் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கி, வாயை ஆவென்று பிளந்து, உடம்பு குலுங்க நிற்கிறார்கள். ஒரு சத்தமில்லை. அவர்களுக்குப் பின்னால் கறுப்புச் சால்வை போர்த்திய ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளமான கம்பி ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார். கம்பியின் நுனியில் செத்த பூனை. "ஐயோ" என்று வாயைத் திறந்தேன். சால்வை மெல்லத் திரும்பியது. "உஷ்."

கிழவர்கள் சிரிப்பு கிளப் அங்கத்தினர்கள். தினமும் விடாமல் சிரித்தால் ஆயுசு கூடும் என்று கூடுகிறவர்கள். அவர்கள் சிரிக்கும் இடத்துக்கு மேலே இருந்த மரத்தில் ஒரு குக்குறுவான் பறவை குடியிருந்தது. உஷ் மாமா அதன் குரலைப் பதிவு செய்கிற பத்து நிமிஷமும் அவர்கள் ஊமைச் சிரிப்புதான் சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செத்த பூனை என்பது மைக்கின்மேல் காற்றுச் சத்தம் படாமலிருக்கப் போடுகிற ரோம உறை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பத்து நிமிஷம் கழித்து. அந்தப் பத்து நிமிஷத்தில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

"தமிழா?" என்றார், மைக்கை அணைத்தபின்.

"ஆமாம் மாமா. பேரு ரகு."

"என்ன ஜாக்கெட்டுடா இது, வறுத்த அப்பளம் மாதிரி சத்தம் போடறது? நாளைக்குப் பருத்திச் சட்டை போட்டுண்டு வா. கடிகாரத்தைக் கழட்டி வெச்சுட்டு வா. வெறும் வயத்தோட வராதே, ரெண்டு பிஸ்கட் தின்னுட்டு வா. உன் வயிறு பேசறது."

நாளைக்கும் வருவேன் என்று நான் சொல்லவேயில்லை. ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. அப்படிப் போனது மூன்று வருஷம்.

உஷ் மாமா ரயில்வேயின் கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எத்தனை டைப்ரைட்டர் சத்தத்தைச் சகித்தாரோ, அத்தனைக்கும் வட்டியோடு ஏரியில் வசூல் செய்தார். கையில் எப்போதும் ஒரு நோட்டு. '5.17, குக்குறுவான். 5.19, ரகு வயிறு. 5.24, கரிச்சான், கூடவே எவனோ தும்மல்.' தும்மியவரைக் கண்டுபிடிக்க ஒருதரம் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றினார். தும்மிய கோஷ் தா, சிரிப்பு கிளப்பின் தலைவர், மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

பறவையை விட அவருக்குப் பூச்சி உசத்தி. பறவை காசில்லாமல் பாடுகிற பாடகன், பூச்சி தம்பூராக்காரன், அவன் போனால் கச்சேரியே போச்சு என்பார். ஒவ்வொரு புதருக்கும் ஒரு பூச்சி, அதற்கு அவர் வைத்த பெயர். மூங்கில் புதரில் இருப்பது 'ரெட்டையன்'. தண்ணீர் ஓரத்துப் புல்லில் இருப்பது 'ஊசி'. கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தைக் கோடு கோடாகப் பார்க்கலாமே மாமா என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "சத்தத்தைக் கண்ணால பாக்கறவன் சாம்பாரை விரலால ருசி பாக்கறவன்டா" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் பேசாத வாரத்துக்கும் பேசுகிற வாரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

ஏனென்றால் பதிவு நடக்கும்போது வாயே திறக்கக்கூடாது. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அவர் புருவத்தைத் தூக்கினால், 'இது உனக்குக் கேட்கிறதா, நான் நினைப்பது சரிதானே' என்று அர்த்தம். நாம் தலையாட்ட வேண்டும். குறுக்கே தலையசைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. அசைத்தவர்களும் கிடையாது. ஏரியில் எல்லாருக்கும் அவரிடம் அவ்வளவு பயம்.

அங்கேதான் வந்தது வினை.

போன ஜூலையில், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், புல் ஓரத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை ஒருதரம் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, கையை விரித்து, புருவத்தைத் தூக்கினார். ஊசி இல்லை, போய்விட்டது, சரிதானே என்கிறார். ஊசியோ என் காதுக்குள் புகுந்து மறுகாது வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. என் கழுத்து பழக்கதோஷத்தில் தானாகவே ஆடிவிட்டது.

ஆகஸ்டில் ரெட்டையன் போனான். செப்டம்பரில் தேன்சிட்டின் கீச்சுக் குரல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் புருவம் உயர்ந்தது, நான் தலையாட்டினேன். கோஷ் தா ஆட்டினார். சிரிப்பு கிளப் மொத்தமும் ஆட்டியது. துர்கா பூஜைக்குள் டாக்குரியா ஏரியில் ஒரு பூச்சி மிச்சமில்லை என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம், காதைத் துளைக்கிற அவற்றின் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு.

மாமா பயந்துபோனார். எங்களையெல்லாம் நடுங்க வைத்த மனிதர் நடுங்குவதைப் பார்ப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. விடியுமுன்னே போன் பண்ணுவார். "ரகு, மெலிசாக் கத்தறதெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிண்டிருக்குடா. வரிசையா. யாரோ மாடிப்படி எறங்கி வராப்பல. அடுத்தது குயில்தான். ஏரி சாகறது, ஒருத்தனுக்கும் தெரியலை." சாப்பாடு பாதியானது. பூஜை லவுட் ஸ்பீக்கரா, தண்ணீரில் கலக்கிற எண்ணெயா என்று ஏரி ஓரத்து மண்ணைப் பொட்டலம் கட்டி முகர்ந்து பார்த்தார்.

எனக்கும் தூக்கம் போயிற்று. மாமியிடம் போய் நின்றேன். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தெரியும் ரகு. ஜுரம் பாக்கற தெர்மாமீட்டர் பீப் பீப்னு அடிக்கறது, வாயிலேர்ந்து எடுக்கவே மாட்டேங்கறார். இன்னும் ஆகலைங்கறார். காது போயிண்டிருக்கு."

"நீங்க சொல்லப்படாதா மாமி?"

"நானா? நாப்பது வருஷமா இந்த ஆத்துல நான் கரண்டியைக்கூடக் கீழ போட்டதில்லை. நீதானே கூடவே போறே, நீ சொல்லு."

இரண்டு பேரும் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மனிதரிடம் காதைத் தவிர வேறென்ன இருந்தது? அதுவும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குள் அவர் மனு எழுதிவிட்டார். 'ஏரியின் பூச்சிகள் அழிந்துவிட்டன, உடனே விசாரிக்கவும்.' சிரிப்பு கிளப் மொத்தமும் கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து, வெட்கத்தோடு சொல்கிறேன், என்னுடையது. ஏரியைப் பராமரிக்கிற அலுவலகத்தில் நேரமும் வாங்கிவிட்டார். ஆதாரமாக மூங்கில் புதரின் நிசப்தத்தை இரண்டு நிமிஷம் பதிவு செய்து எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதிவு செய்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

அலுவலகத்துக்குப் போகிற டாக்ஸியில் மாமாவோடு நானும் கோஷ் தாவும் ஏறிக்கொண்டோம். மாமா இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் ரெக்கார்டரோடு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் கொட்டாவி மாதிரி மூடிக்கொண்டேன்.

அதிகாரி நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். மாமா மேஜைமேல் சின்ன ஸ்பீக்கரை வைத்து, அதிகபட்சச் சத்தத்தில் திருகி, பொத்தானை அழுத்தினார்.

அறை கிறீச்சிட்டது. நூறு சில்வண்டுகள் ஒரே சமயத்தில் ஃபைல்களுக்கு நடுவிலிருந்து கத்துவதுபோல. அதிகாரியின் கையிலிருந்த டீ தளும்பிச் சாஸரில் கொட்டியது.

"திஸ் இஸ் சைலன்ஸ், சார்" என்றார் மாமா, கலங்கிய கண்ணோடு. "கம்ப்ளீட் சைலன்ஸ்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கோஷ் தாவைப் பார்த்தேன். கோஷ் தா அந்த வேளையிலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது டீ கொண்டுவந்த பியூன் தரையில் மண்டியிட்டு, துடைப்பத்தை பீரோவுக்கு அடியில் விட்டுத் துழாவ ஆரம்பித்தான். மாமாவைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"கீ குஞ்ச்சோ?" என்றார் மாமா. என்னப்பா தேடறே?

"ஜிஞ்ஜி போக்கா, தாது" என்றான் அவன் நிமிராமலே. சில்வண்டு, தாத்தா. உள்ளே எங்கேயோ புகுந்துகிட்டு உயிரை வாங்குது என்றான் வங்க மொழியில்.

மாமா அவனைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். அதில் கையை வைத்து, அது அதிர்வதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார்.

"கேக்கறது மாமா" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. "எப்பவுமே கேட்டுண்டுதான் இருந்தது."

அவர் பொத்தானை அணைத்தார். அதிகாரிக்குக் கும்பிடு போட்டார். மனுவை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். இன்றோடு இந்த மனிதர் முடிந்தார், முடித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாலு மாசமா ஏன்டா சொல்லலை?"

"பயமா இருந்தது மாமா."

"என்கிட்டயா?"

"ஆமாம்."

அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"ரெட்டையன் இருக்கானா?"

"இருக்கான் மாமா. மூங்கில் புதர்லயே."

"ஊசி?"

"காதைக் கிழிக்கறது."

"தேன்சிட்டு?"

"நேத்திக்குக்கூட உங்க தலைக்கு மேலேயே கத்தித்து."

உஷ் மாமா பெஞ்சில் சாய்ந்துகொண்டார். மாதக்கணக்காக அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டார். அத்தனை சத்தமாக அவர் மூச்சு விட்டு நான் கேட்டதேயில்லை. சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார்.

"அப்பாடா. அப்போ என் காதுதானா? நான் ஏரி செத்துப்போச்சுன்னு இல்லே பயந்துண்டிருந்தேன்."

அந்த இடத்தில் அவரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி, அதற்கும் தைரியம் வரவில்லை. "நாளைக்குச் சீக்கிரமே வந்துடறேன் மாமா, என்னென்ன கத்தறதுன்னு நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்கோ" என்று மட்டும் சொன்னேன்.