ஒரே ஒரு பழுது

"வெள்ளைக் காரில் ஒரே ஒரு பழுது வைக்கப்பட்டுள்ளது. நாற்பது நிமிடத்தில் கண்டுபிடிக்கவும்" என்றது கேள்வித்தாள். வாசலில் நின்ற காரில் பத்தாவது நிமிடத்திலேயே இரண்டைக் கண்டுபிடித்துவிட்டு அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு வருடம் பிள்ளை வளர்த்துவிட்டு இன்றுதான் மறுபடி ஸ்பானர் பிடிக்கிறாள். இந்த மெக்கானிக் வேலை கிடைக்காவிட்டால் அண்ணியின் தையல்கடையில் பொத்தான் தைக்க வேண்டியதுதான்.

எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேல் ஒரு தாளை வைத்திருந்தாள். உள்ளே சேரும் புகையை நல்ல எஞ்சின் தானே உறிஞ்சிக்கொள்ளும். தாள் ஒட்ட வேண்டும். இதுவோ தாளை ஊதித் தள்ளியது. எஞ்சினை நிறுத்தி, புகை போகும் வால்வைக் கழற்றிக் குலுக்கினாள். கிலுகிலுப்பைபோல ஒலிக்க வேண்டியது, கம்மென்றிருந்தது. கழற்றும்போதே ரப்பர் குழாய் வேறு சருகாக நொறுங்கியது.

அப்போதுதான் மேலாளர் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"வால்வு அடைச்சிருக்கு சார். குழாயும் போச்சு."

"வால்வா? போன வாரம்தானே சுத்தம் பண்ணது?"

"பண்ணவன் மேலாக்கத் தொடைச்சுட்டு விட்டிருக்கான் சார். சரியான சோம்பேறி!"

அவருக்குப் புரையேறியது.

வால்வைக் கழுவி, புதுக் குழாய் மாட்டி, எஞ்சினைக் கிளப்பினாள். முன்னைவிட மோசமாகக் குலுங்கியது.

"இன்னும் எங்கேயோ காத்து உள்ள போகுது சார்."

"இன்னுமா?"

தடவித் தடவித் தேடினாள். "ஆயில் அளவு பார்க்கிற கம்பியில ரப்பர் வளையமே இல்ல. எவனோ தொலைச்சுட்டு கமுக்கமா இருந்திருக்கான்."

மேலாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

வளையம் மாட்டியதும் எஞ்சின் அடங்கியது. தாள் ஒரு கணம் நடுங்கி, சப்பென்று ஒட்டி, நடுவில் மெல்லக் குழிந்தது. எத்தனையோ முறை பார்த்த காட்சி. இன்றும் அவளுக்குச் சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத துளி மூச்சுக்கு இத்தனை இரும்பும் கட்டுப்பட்டு நிற்கிறதே!

மேலாளரும் குனிந்து, வாய் பிளந்து, தாளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

ஒன்று கேட்டதற்கு மூன்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாரு. பரீட்சைக்கு வெச்ச வெள்ளைக் கார் பின்னாடி ஷெட்டுல நிக்குது. இது மேனேஜர் தன் கையாலேயே சர்வீஸ் பண்ணி ஓட்டுற அவரோட சொந்த வண்டி!"