வெள்ளையில் எந்த வெள்ளை?

இந்த முறை வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று முடிவு செய்தேன். கண்ணாடி முன் நின்று அதைச் சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் ஹாலுக்கு வந்தேன்.

"இங்க பாரு, சமையலறையைப் புதுசாக்கப் போறோம் இல்லையா? அலமாரிக் கதவு, டைல்ஸ், மேடைக் கல்லு, எல்லாம் என் செலக்‌ஷன். நீ குறுக்க வரக் கூடாது."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே என் மனைவி சொன்னாள்: "சரிங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கென்று தயாரித்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது.

"நிஜமாவா? என் சட்டையைக்கூட நீதானே எடுப்பே?"

"சட்டையை நாலு பேர் பாப்பாங்க. இது வீட்டுக்குள்ளதானே. ரசனை இல்லாமலா என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

இதற்கு ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கடைக்குக் கிளம்பினேன்.

கடையில் ஒரு பெண் பலகைத் துண்டுகளை மேஜைமேல் பரப்பினாள். "சார், உங்களுக்கு மேட்டா, கிளாஸியா?"

"மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம். சமமா இருக்கட்டும்," என்றேன் கம்பீரமாக.

"மேட்னா பளபளப்பு இல்லாதது சார்."

"தெரியும். உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன்."

பக்கத்தில் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலாம்.

பளபளப்பு இல்லாததையே எடுத்தேன். நிறம் வெள்ளை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது, வெள்ளையில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது! பால் வெள்ளை, முத்து வெள்ளை, மேக வெள்ளை. எனக்கு மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத்தான் தெரிந்தன. ஆனாலும் கண்ணைச் சுருக்கி, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்து, "முத்து!" என்றேன்.

"அதான பாத்தேன்! இந்த வித்தியாசமெல்லாம் உங்க கண்ணுக்குத்தாங்க தெரியும்," என்றாள் மனைவி.

நெஞ்சு விரிந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று முனகியது. அதே வேகத்தில் மேடைக்குச் சாம்பல் நிறக் கல்லையும் சுவருக்கு மீன் செதில் மாதிரி டைல்ஸையும் எடுத்தேன். அவள் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. தச்சர் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்.

"அக்கா, கத்தி வைக்கிற இழுப்பறை எந்தப் பக்கம்?"

"சாரைக் கேளுங்க. அவரு கைக்கு வாகா இருக்கணும்."

"பாத்திரம் கழுவுற தொட்டி?"

"அதுவும் சார் இஷ்டம்."

தச்சர் என்னை மரியாதையாகப் பார்த்தார். அதில் கொஞ்சம் பரிதாபமும் கலந்திருந்ததாக இப்போது தோன்றுகிறது.

சமையலறை தயாரானது. முத்து வெள்ளை, சாம்பல் கல், மீன் செதில். அடடா! கதவில் ஒரு விரல் ரேகை விழுந்தாலும் துணியோடு ஓடினேன். அவள் நிதானமாக உள்ளே வந்து, மேடைமேல் பலகை வைத்துக் காய் நறுக்கப் போனாள். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது.

"ஐயையோ, எனக்கு எட்டலையேங்க!"

பதறிப்போய்த் தச்சரைப் பிடித்தேன். "என்னய்யா இது, இவ்வளவு உயரம்?"

"சார் உயரத்துக்கு வைங்கன்னு அக்காதான் சொன்னாங்க."

நான் திரும்பினேன். மனைவியின் முகத்தில் பச்சைக் குழந்தையின் கள்ளமின்மை.

"எல்லாம் உங்க செலக்‌ஷன்னு சொன்னீங்களே. உயரம் மட்டும் என்னோடதா இருந்தா நல்லாவா இருக்கும்? பரவாயில்ல, இடிச்சுட்டுத் தாழ்த்தி வைக்கச் சொல்லட்டுமா?"

"இடிக்கிறதா? என் கல்லையா?" எனக்குப் பொறுக்கவில்லை. "நீ சும்மா இரு. நானே நறுக்கறேன்."

"நிஜமாவாங்க? அப்ப ராத்திரிச் சமையலை நீங்களே பாத்துக்குங்க. சாயங்காலம் நீச்சல் வகுப்புல சேர்ந்திருக்கேன்."

"எப்ப சேர்ந்தே?"

"நீங்க முத்து வெள்ளை எடுத்தீங்களே, அன்னிக்கு."

கத்தி என் கைக்கு வாகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். குனியாமல், முதுகு வலிக்காமல் நறுக்கினேன், தாளித்தேன், நடுவில் கதவையும் துடைத்துக்கொண்டேன். ஈரத் தலையோடு வந்தவள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். எனக்கு வயிறு நிறைந்தது, நான் இன்னும் சாப்பிடவே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "அடுத்தது துணி துவைக்கிற இடத்தை மாத்தணுங்க. அங்க என்ன கலர் போடலாம்? எனக்கு இதெல்லாம் தெரியாது."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வெளிர் நீலம்," என்றேன்.